எட்டாவது டேக்கிலும் அதே கை: சிங்கப்பூர் சுயாதீனப் படங்களில் நடிக்க வருவோருக்கு

சிங்கப்பூரில் தமிழில் சுயாதீனப் படம் எடுப்பவரிடம் பணமும் குறைவு, நாளும் குறைவு. சனி ஞாயிறில் படப்பிடிப்பு, ஒரே கேமரா, ஒரு நாளைக்குத் திரைக்கதையில் நான்கைந்து பக்கம் முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் முகவெட்டும் கணீர்க் குரலும் இரண்டாம்பட்சம். முதல் டேக்கில் செய்ததை எட்டாவது டேக்கிலும் உயிர் குறையாமல் செய்யத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அப்படி ஒருமுறை வேலை செய்துவிட்டால் அடுத்த படத்துக்கு எடிட்டரே உங்கள் பெயரைச் சொல்வார். இங்கே தமிழ்ப் படக்குழுக்களின் வட்டம் சின்னது. நல்ல பேச்சும் கெட்ட பேச்சும் ஒரே வேகத்தில் பரவும்.

பயிற்சி எங்கே

முழுநேரமாகப் படிக்க முடிந்தவர்களுக்கு லாசால் கலைக் கல்லூரியில் நடிப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட் இன்னொரு வழி. நாடகக் கலைஞர்கள் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலிருந்து வளர்ந்த பள்ளி அது. மூன்று ஆண்டு, முழுநேரம். கேரளத்துக் கூடியாட்டம், ஜப்பானின் நோ, சீனாவின் பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வயாங் வோங் என மரபு நாடகக் கலைகள் வழியாக உடம்பையும் மூச்சையும் அங்கே பழக்குகிறார்கள். அங்கே பயின்றவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பார்க்கத் தோன்றும். ஆனால் கேமராவுக்கு முன்னால் அளவாக நடிப்பதைத் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர நாடக ஒத்திகைதான் பள்ளிக்கூடம். ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட், அகம் தியேட்டர் லேப் போன்ற தமிழ்க் குழுக்களின் நடிகர் தேர்வு அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஒரு நாடகத்தை முழுதாக ஒத்திகை பார்த்தவருக்கு மனப்பாடமும் எதிரில் நிற்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதும் கைவந்துவிடும். மேடையிலிருந்து வரும்போது கழற்றி வைக்க வேண்டியவை இரண்டு: கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல், வசனத்துக்கு முன்பே முகத்தில் ஓடுகிற அர்த்தம். நெருக்கமான ஷாட்டில் புருவம் அரை அங்குலம் உயர்ந்தாலே கூச்சல் போட்டதாகத் தெரியும்.

மாணவர் படங்களை அலட்சியப்படுத்தாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி, லாசால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டுக்குப் படம் எடுப்பார்கள். காசு பெரிதாக வராது. ஆனால் நல்ல கேமராவில், ஒழுங்கான ஒளியமைப்பில் உங்களைப் பதிந்த காட்சி கையில் மிஞ்சும். இன்று உங்களைப் பார்த்துக் கை நடுங்க ‘ஆக்‌ஷன்’ சொல்லும் பிள்ளைதான் சில வருடத்தில் முழுநீளப் படம் எடுக்கும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. ஒரு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு கைப்பேசியில் மூன்று முறை பதியுங்கள்: முழு உருவம், இடுப்புக்கு மேல், முகம் மட்டும். பிறகு இலவச எடிட்டிங் செயலி ஒன்றில் மூன்றையும் கலந்து ஒரே காட்சியாக நீங்களே வெட்டி ஒட்டுங்கள். வெட்டுகிற இடத்தில் கை தாவும், தலை திரும்பியிருக்கும், ஒன்றில் வேகமாகவும் இன்னொன்றில் இழுத்தும் பேசியிருப்பீர்கள். நடிப்பு வகுப்பில் யாரும் இவ்வளவு கறாராகச் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆடிஷன் வீடியோ

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் நீங்களே பதிந்து அனுப்பும் வீடியோதான். கைப்பேசியைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் வையுங்கள். பின்னால் வெற்றுச் சுவர், நெஞ்சுக்கு மேல் ஃபிரேம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும், உங்களைவிடத் தாழ்ந்த குரலில் படிக்கட்டும். அவர் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் சாதாரணமாகப் பேசினாலே உங்கள் குரலை விழுங்கிவிடுவார். லென்ஸை நேராகப் பார்த்துப் பேசக்கூடாது. பெயர், உயரம், எந்தெந்தத் தேதி கையில் இருக்கிறது என்பதைத் தனியாக ஒரு சின்னப் பதிவில் சொல்லி, கோப்புக்கு உங்கள் பெயரும் பாத்திரத்தின் பெயரும் வையுங்கள். ‘ஃபைனல் நியூ 2’ என்று வந்த கோப்பை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

நடித்த காட்சிகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீல் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்து விநாடிக்குள் உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். பாட்டு போட்டு மெதுவாக நடக்கிற காட்சி எதற்கும் உதவாது. சுயவிவரத்தில் நடிப்போடு வேறு என்ன தெரியும் என்பதையும் எழுதுங்கள்: சிலம்பம், மலாய் பேசுவது, லாரி ஓட்டுவது, புரோட்டா வீசுவது. சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூ தமிழில் எடுத்து 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன ‘மை மேஜிக்’ படத்தின் நாயகன் நிஜ வாழ்க்கையிலும் மேஜிக் கலைஞர்.

வசனமும் நம் ஊர் நாக்கும்

பல திரைக்கதைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வருகின்றன. படிக்கும்போதே நெருடும். அதைச் சொல்ல வேண்டிய இடம் ஒத்திகை வாசிப்பு; படப்பிடிப்புத் தளத்தில் வசனத்தை மாற்றினால் எதிரில் நடிப்பவருக்குத் தன் வசனத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போய்விடும். ஈசூனில் பிறந்து வளர்ந்த டாக்சி ஓட்டுநர் செய்தி வாசிப்பாளரைப் போலவும் பேச மாட்டார், வடசென்னை ரவுடியைப் போலவும் பேச மாட்டார். நடுவில் ஆங்கிலம் விழும், ஒரு மலாய்ச் சொல் விழும், கடைசியில் ‘லா’ ஒட்டும். கோப்பிக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டால் எந்த இடத்தில் விழுகிறது என்று பிடிபடும். எல்லா வாக்கியத்திலும் ‘லா’ போடுகிறவர் வெளியூர்க்காரர் மாதிரி தெரிவார்.

படம் கதை வரிசையில் எடுக்கப்படாது. இடம் கிடைக்கும் வரிசையில்தான். அதனால் ஒரு நோட்டில் உங்கள் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: இதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது, இப்போது என்ன நேரம், உடம்பு எப்படி இருக்கிறது, எதிரிலிருப்பவரிடமிருந்து என்ன வேண்டும். சாவு வீட்டுக் காட்சியைக் காலையிலும் கல்யாணப் பேச்சை மதியமும் எடுக்கும் நாளில் இந்த நோட்டுதான் காப்பாற்றும்.

தளத்தில்

முதலில் காட்சி முழுவதையும் அகலமாகப் பதியும் மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள், பிறகு அதே காட்சியை நெருக்கத்தில். ‘அப்பா இந்தத் தீபாவளிக்கும் வரலையாம்’ என்பது வசனம், மேசையில் தே (தேநீர்) கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரில் ‘அப்பா’ என்றதும் வலது கையால் தூக்கி, ‘வரலையாம்’ முடிந்த பிறகு கீழே வைத்தீர்கள். குளோசப்பில் வசனம் முடிந்த பிறகுதான் தூக்குகிறீர்கள். இரண்டையும் ஒட்டினால் கிளாஸ் காற்றில் தோன்றி மறையும். எடிட்டர் என்ன செய்வார்? உங்கள் அருமையான குளோசப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தை வைப்பார். காட்சி உங்களுடையது, திரையில் அவர். அதனால் ஒவ்வொரு அசைவையும் ஒரு சொல்லோடு கட்டிப் போடுங்கள். செய்கைகளைக் குறைவாக வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம். சாப்பாட்டுக் காட்சியில் முதல் டேக்கில் வாய் நிறைய பிரியாணி போட்டவர், கடைசி டேக் வரை அதே அளவு போட்டாக வேண்டும்.

தரையில் ஒட்டியிருக்கும் டேப்தான் உங்கள் இடம். குனிந்து பார்க்காமல் அங்கே வந்து நிற்க, ஒத்திகையின்போது டேப்பிலிருந்து புறப்படும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்து காலடியை எண்ணிக்கொள்ளுங்கள். அரை அடி தவறினாலே முகம் ஃபோகஸை விட்டுப் போய்விடும். குளோசப்பில் எதிரிலிருப்பவரின் ஒரு கண்ணை மட்டும், கேமராவுக்குப் பக்கத்திலிருப்பதை, பாருங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி அலைபாயும். நெருக்க ஷாட்டில் மற்றவர் வசனத்தின் மேல் ஏறிப் பேசாதீர்கள், இயக்குநர் கேட்டாலொழிய. ஒலி கலந்துவிட்டால் எந்தப் பக்கமும் வெட்ட முடியாது. உங்கள் முகம் ஃபிரேமில் இல்லாதபோதும் எதிரிலிருப்பவருக்கு முழுதாக நடித்துக் கொடுங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வசனம் ஒப்பிக்கிறவரை யாரும் மறப்பதில்லை.

ஒலிதான் இங்கே பெரிய தலைவலி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் சத்தம் போடும் புதுப்பிப்பு வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடுகிறார்கள். போதாததற்குக் குயில், மேலே விமானம். விமானம் போகும்வரை அதே மனநிலையில் அசையாமல் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி. மின்விசிறி, ஏர்கான், ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்தப்படும். (ஃபிரிட்ஜை நிறுத்திய ஒலிப்பதிவாளர் தன் வீட்டுச் சாவியை அதற்குள் போட்டு வைப்பார். சாவியை எடுக்கும்போது மறக்காமல் மறுபடி போட்டுவிடலாம் அல்லவா.) வியர்வையைத் துடைத்தால் ஒப்பனை கலையும், டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுங்கள். அதே சட்டையில் இன்னொன்று இருந்தால் கொண்டு போங்கள்.

உடைக்குள் ஒட்டும் சின்ன மைக்குக்குப் பட்டும் கஞ்சி போட்ட பருத்தியும் எதிரி, சரசரவென்று இழுக்கும். துவைத்துப் பழகிய பருத்திப் புடவை உத்தமம். தாலிச் சங்கிலி மைக்கில் தட்டும், டேப் போட்டு ஒட்டிவிடச் சொல்லுங்கள். உணர்ச்சி மிகுதியில் நெஞ்சில் அடித்துக்கொண்டால் ஒலிப்பதிவாளரின் காது போய்விடும். கழிப்பறைக்குப் போகுமுன் மைக்கை அணைக்கச் சொல்வது உங்கள் பொறுப்பு.

காசும் காகிதமும்

நண்பர் படமானாலும் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி என்றாலும் சரி. எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், மிகுந்தால் என்ன, தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், சாப்பாடு யார் செலவு. நள்ளிரவைத் தாண்டினால் வீட்டுக்குப் போக டாக்சி யார் செலவு என்பதும் அதில் வேண்டும். 12 மணிக்கு மேல் மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதலாகச் சேரும், ரயிலும் இருக்காது. ‘படம் விற்றால் தருகிறோம்’ என்பது பெரும்பாலும் வராத காசு. ஒப்புக்கொண்டால் அதைத் தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள். அந்தரங்கமான காட்சிகள் இருந்தால் உடம்பில் எது தெரியும், எது தெரியாது, தளத்தில் யார் யார் இருப்பார்கள் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும். அன்றைக்கு அங்கே பேசிக்கொள்ளலாம் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பணம் வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. சுயதொழில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். முழுநேர வேலையில் இருப்பவர்கள் பக்க வேலைக்குத் தடை உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருப்பவர்கள், சம்பளம் இல்லாத வேலையானாலும், விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குவதுதான் பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: உங்கள் காட்சிகளின் நகல் எப்போது கிடைக்கும், எதற்குப் பயன்படுத்தலாம். விழாக்களில் முதல் திரையிடல் முடியும்வரை இயக்குநர் வெளியே விட மாட்டார், அது நியாயம். ஆகவே திரையிட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் என்பதுபோல ஒரு கெடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கேட்டால் கோப்பு எந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.