பழைய கல்லறையில் கவராயமும் மூலைமட்டமும்: ஃப்ரீமேசன் சின்னங்களை இனங்காணும் முறை

பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் பழைய ஐரோப்பியர் கல்லறைகளைப் பார்க்கச் செல்பவர்கள், பெயரையும் ஆண்டையும் படித்துவிட்டு, மேலே செதுக்கிய உருவத்தைக் கவனியாமல் திரும்பிவிடுகிறார்கள். அது ஃப்ரீமேசன் என்னும், கல்தச்சர் மரபிலிருந்து வளர்ந்த சகோதரத்துவச் சங்கத்தின் சின்னமா என்று அறிய விரும்புபவர், முதலில் நம் ஊர்க் கொத்தனாரின் பையிலுள்ள, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சங்கத்தின் மொழியே அந்தக் கருவிகள்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலையிடத்தை ஒட்டிப் போட்ட கொட்டகையை ‘லாட்ஜ்’ என்றார்கள். அங்கே கூடிய குழுவுக்கும் அதுவே பெயராயிற்று. நமக்குப் பழக்கமான தங்கும் விடுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாளடைவில் கல் தொடாதவர்களும் சேர்ந்த இத்தகைய நான்கு லாட்ஜுகள், 1717 ஜூன் 24 அன்று லண்டனில் ஒன்றுகூடித் தலைமைச் சங்கத்தை அமைத்தன என்பது அவர்களின் மரபு வரலாறு. சென்னையில் முதல் லாட்ஜ் 1752இல் தொடங்கியது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1775இல் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். நெல்லைச் சீமை அன்று அந்த நவாபின் ஆளுகையில் இருந்ததை நினைத்தால், இது நமக்கு அவ்வளவு தொலைவான செய்தி அன்று.

கல்லில் முதலில் தேட வேண்டியது, முனைகள் கீழ்நோக்கி விரிந்த, வட்டம் வரையும் கவராயமும், அதன் குறுக்கே மூலை கீழாக அமைந்த மூலைமட்டமும் ஆகும். கவராயம் ஆசைகளை வட்டத்துக்குள் நிறுத்துவதையும், மூலைமட்டம் கோணாத நடத்தையையும், தூக்குக்குண்டு நேர்மையையும் குறிக்கும். சமத்துவத்தைக் குறிக்கும் மட்டத்தைத் தேடும்போது ரசமட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. சட்டத்தின் நடுவே குண்டு தொங்கும் பழைய வடிவமே அங்கு இருக்கும். மூலைமட்டத்திலிருந்து பிதாகரஸ் தேற்றத்தின் படம் தொங்கினால், ஆங்கிலேய மரபில் அவர் ஒரு லாட்ஜின் தலைவராக இருந்தவர் என்று கொள்ளலாம்.

சடங்கிலும் இக்கருவிகளுக்கு இடமுண்டு. பயிலுநர், தொழிலர், ஆசான் என்னும் மூன்று படிகளில், திறந்த மறைநூலின்மீது வைக்கும் கவராயத்தின் இரு முனைகளும் முதற்படியில் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும். இரண்டாம் படியில் ஒன்று வெளிப்படும். மூன்றாம் படியில் இரண்டும் மேலே வந்துவிடும். இந்திய லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், விவிலியம் ஆகியவற்றை ஒருசேர வைப்பதுண்டு. கடவுள் நம்பிக்கை உறுப்பினருக்குக் கட்டாயம்; ஆனால் லாட்ஜுக்குள் மதத்தையும் அரசியலையும் விவாதிக்கக் கூடாது என்னும் விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மண்டையோடோ முக்கோணத்துக்குள் கண்ணோ மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. இரண்டும் கிறிஸ்தவக் கலையில் பொதுவாக வழங்கியவை. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றியது 1658இல் என்பதால், சென்னை லாட்ஜ் தொடங்குமுன் நட்ட கற்களும் அங்கு இருக்கலாம்; கல்லின் ஆண்டு 1752க்கு முந்தையதா என்று மறுபடி பார்ப்பது நல்லது. சுண்ணாம்பு படிந்த கல்லைச் சுரண்டவோ, அமிலம் ஊற்றிக் கழுவவோ வேண்டாம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது நின்று பார்த்தால், தேய்ந்துபோன கவராயத்தின் முனைகள்கூட நிழலாக எழும்பித் தெரியும்.