சுண்டைக்காய் ‘சண்டைக்காய்’ ஆகாமல் இருக்க

என் மாமியாரின் சமையல் குறிப்புகளை வலைத்தளமாக்கி முதன்முதலில் அவரிடம் கைப்பேசியில் காட்டியபோது, “சண்டைக்காய் வற்றல் குழம்பா? என்னம்மா இது?” என்று கேட்டார். தட்டச்சில் பிழை இல்லை. தலைப்புப் பெட்டியின் அடிவிளிம்பு, ‘சு’வில் கீழே இறங்கும் கோட்டை நறுக்கிவிட்டிருந்தது.

அன்று முதல், தமிழில் தளம் தொடங்குகிறவர்கள் யார் கேட்டாலும் எழுத்துருவைத் தேடும் முன் வரியுயரத்தை, அதாவது ஒவ்வொரு வரிக்கும் ஒதுக்கப்படும் உயரத்தை, சரிசெய்யச் சொல்கிறேன். வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் தீம்களில் (ஆயத்தத் தோற்ற வடிவங்களில்) பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை வைத்து அளக்கப்பட்டவை, தலைப்புக்கு எழுத்தளவைப் போல 1.2 மடங்கு அளவில்தான் வரியுயரம் வைத்திருப்பார்கள். நமக்கோ மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் இருக்கின்றன. இரண்டு வரித் தலைப்பு என்றால் மேல்வரியின் ‘பூ’ கீழ்வரியின் ‘கீ’யில் போய் இடிக்கும். தளத்தின் தோற்றத்தை மாற்றும் கட்டளைகளை எழுதும் ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ பெட்டியைத் திறந்து, லைன்-ஹைட் என்ற பண்புக்குப் பத்திகளில் 1.75, தலைப்புகளில் 1.45 கொடுங்கள். எண்ணுக்குப் பின்னால் பிக்சல் என்று அலகு சேர்க்க வேண்டாம். பத்தியை எண்ணி முழுப் பக்கத்துக்கும் 28 பிக்சல் என்று கொடுத்தால், தனி அளவு இல்லாத பெரிய தலைப்புக்கும் அதுவே இறங்கி, மறுபடி நெருக்கிவிடும். தலைப்புப் பெட்டிக்கு நிலையான உயரம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு எழுத்துரு. மீரா இனிமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் ஒரே ஒரு தடிமன்தான். தடித்த எழுத்து கேட்டால் உலாவி தானாகவே கோடுகளைப் பருமனாக்கும். ‘ண’, ‘ஞ’ இவற்றின் உள்வெளி அடைந்துபோகும். அதனால் முக்த மலருக்கு மாறினேன். ஏழு தடிமன்கள் உண்டு. நான் ஏற்றுவது 400 (இயல்பானது), 700 (தடித்தது) இரண்டு மட்டுமே. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு, படிப்பவரின் டேட்டா. ஃபான்ட்-டிஸ்ப்ளே பண்பை ‘ஸ்வாப்’ என்று வைத்தால், எழுத்துரு வந்து சேரும்வரை கைப்பேசியில் உள்ள தமிழ் எழுத்திலேயே குறிப்பைப் படிக்கத் தொடங்கலாம்.

ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் வேறு எழுத்துரு வேண்டுமானால் அதன் பெயரை முதலிலும் தமிழ் எழுத்துருவின் பெயரை அடுத்தும் எழுதுங்கள். முக்த மலரில் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. அதை முன்னால் வைத்தால் மற்றது வரவே வராது.

சாய்வெழுத்தை நீக்கிவிடுங்கள். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அரிது. உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. ‘பாட்டி சொன்ன பக்குவம்’ போன்ற குறிப்புகளுக்கு நான் நிறத்தை மட்டும் மாற்றுகிறேன். என் தீம் தலைப்பெழுத்துகளை நெருக்கவும் செய்திருந்தது. எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் லெட்டர்-ஸ்பேசிங்கைப் பூஜ்யமாக்கினேன்.

வரிகளை இருபுறமும் சமன்செய்யாதீர்கள். ‘வதக்கிக்கொண்டிருக்கும்போதே’ என்ற ஒரு சொல்லே கைப்பேசியில் முக்கால் வரியைப் பிடிக்கும். முந்தைய வரியில் மிஞ்சும் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். இடப்பக்கச் சீர்மையே போதும். எழுத்தளவை பிக்சலில் இல்லாமல், உலாவியின் இயல்பளவுக்கு எத்தனை மடங்கு என்று சொல்லும் ரெம் அலகில் கொடுங்கள், நான் 1.125 ரெம் வைத்திருக்கிறேன். கண் மங்கியவர்கள் உலாவியின் இயல்பளவைக் கூட்டி வைத்திருந்தால் நம் எழுத்தும் கூடவே வளரும்.

சோதிக்க உங்கள் தளத்திலேயே கடினமான தலைப்பை எடுங்கள். எனக்கு அது ‘பூண்டு மிளகுக் குழம்பும் கீரை மசியலும்’. எந்த மாற்றம் செய்தாலும் அந்தப் பக்கத்தை மாமியாரின் பழைய கைப்பேசியில் திறந்து, உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.