பழைய ரேடியோ குமிழுக்கு மோல்டு: சின்ன சிஎன்சியில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் பீளமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், துண்டில் சுற்றி ஒரு அக்ரிலிக் கட்டியைக் கொண்டுவந்தார். அவரே வெட்டிய மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, அது. அதன் நடுவில் கறுப்பு ரெசினில் (ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக் திரவம்) ஒரு குமிழ், வரி வரியாக, மினுமினுப்பாக இறுகியிருந்தது. வெளியே மட்டும் வரவில்லை. "அண்ணா, ரிலீஸ் ஸ்ப்ரே மூணு தடவை அடிச்சேன்" என்றார். ரெசின் மோல்டில் ஒட்டாமல் இருக்க அடிப்பது அது. சில வருடம் முன்னால் நானும் இதே மாதிரி ஒரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன்தான். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இதே பிரச்சினையோடு வந்திருந்தார்கள். அதனால்தான், உடைந்த ரேடியோ குமிழுக்குப் பதில் புதிது வார்க்க சிஎன்சியில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி கட்டரை ஓட்டும் மெஷின்) மோல்டு வெட்டுவது பற்றி எழுத உட்கார்ந்தேன்.

ஜீரோ (மெஷின் அளவைத் தொடங்கும் புள்ளி) வைக்க மறப்பது, கட்டையைச் சரியாக இறுக்காமல் விடுவது எல்லாம் இரண்டு கட்டர் உடைந்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். 300 x 180 மி.மீ. மேடை உள்ள 3018 வகை சின்ன மெஷினை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உடைந்ததை அளப்பது

பழைய வால்வு ரேடியோவின் குமிழ் பெரும்பாலும் தண்டு நுழையும் இடத்தில்தான் கீறும். கீறிய பிறகு துளை விரிந்துவிடும். அதை வெர்னியர் வைத்து அளந்தால் 6.6 காட்டும், 6.7கூடக் காட்டும். அந்த அளவில் மோல்டு செய்தால் வருகிற குமிழ் எல்லாம் லொடலொடவென்று ஆடும். நீங்கள் அளக்க வேண்டியது குமிழை அல்ல, ரேடியோவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை. அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றில் அது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பின்னால் வந்தவற்றில் 6 மி.மீ. தண்டு நிறைய உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.35தான் என்று அலட்சியம் வேண்டாம். 6 மி.மீ. துளையைக் கால் அங்குலத் தண்டில் அழுத்தினால் புதுக் குமிழும் பழையது கீறிய அதே இடத்தில் கீறும்.

குமிழின் வெளிப்பக்கம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும். அதே செட்டில் அதிகம் திருகாத குமிழ் எதுவோ அதை அளவெடுங்கள்.

சாய்வில்லாத சுவர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இது.

கம்ப்யூட்டரில் வரையும்போது எல்லாச் சுவரும் நேர்க்குத்தாகத்தான் வரும். வட்டம் போட்டு 14 மி.மீ. கீழே இறக்கினால் குழி தயார். திரையில் பார்க்க ஒரு குறையும் இருக்காது. நான் அப்படித்தான் வரைந்தேன். 2 மி.மீ. கட்டர், ஒவ்வொரு சுற்றுக்கும் 0.3 மி.மீ. இறக்கம் என்று வைத்து, ஒரு ஞாயிறு முழுக்க ஏழு மணி நேரம் அக்ரிலிக்கைக் குடைந்தேன். மெழுகு தடவி, ஸ்ப்ரே அடித்து, ரெசின் ஊற்றினேன். மறுநாள் குமிழ் அசையவில்லை. பின்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு ஆணி வைத்துத் தட்டினேன். நாலாவது தட்டில் அக்ரிலிக் மூலையிலிருந்து மூலைக்கு விரிந்தது. மோல்டும் போச்சு, குமிழின் விளிம்பும் போச்சு.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு, கணபதி பகுதியில் ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உரு) செய்து கொடுக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் ஒரு தடவைதான் திருப்பினார். "தம்பி, சாய்வே இல்லீங்களே. இது எப்படிங்க வெளிய வரும்?"

அப்புறம் சுவரை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினால் நரநரவென்று இருந்தது. கட்டர் 0.3, 0.3 ஆக இறங்கியதில் சுவரைச் சுற்றிச் சுற்றி 46, 47 மெல்லிய வரிகள். நீளமான மெல்லிய கட்டர் வெட்டும்போது வளையும். நீட்டம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். அந்த வளைவு எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு வரி உள்ளே தள்ளி நிற்கும், அடுத்தது வெளியே. ரெசின் அந்த ஒவ்வொரு வரிக்குள்ளும் புகுந்து இறுகிக்கொள்கிறது. இந்தப் பிடிப்புக்கு ஸ்ப்ரே ஒன்றும் செய்யாது. ஸ்ப்ரே தடுப்பது ஒட்டுவதைத்தான். இங்கே ரெசின் ஒட்டவில்லை, கொக்கி போட்டு நிற்கிறது. "வரலைன்னா இன்னும் நல்லா ஸ்ப்ரே அடிங்க" என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பேச்சை நம்பித்தான் அந்த மாணவரும் மூன்று தடவை அடித்திருக்கிறார். கடைசியில் அவருடைய கட்டியை ரம்பத்தால் அறுத்துத்தான் குமிழை எடுத்தோம்.

சுவரை 2 டிகிரி சாய்த்துவிட்டால் கதையே வேறு. 14 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பக்கத்தில் கிட்டத்தட்ட அரை மி.மீ. விரிவு. நேர்க்குத்துச் சுவரில் குமிழ் கடைசி மில்லிமீட்டர் வரை உரசிக்கொண்டே வர வேண்டும். சாய்ந்த சுவரில் முதல் அசைவிலேயே சுற்றிலும் விட்டுப்போகும். கட்டர் விடுகிற வரிகளும் மேலே போகப் போக அகலும் படிக்கட்டாகிவிடும், எதுவும் கொக்கி போடாது. நான் 2 டிகிரிக்குக் குறைவாக வைப்பதில்லை. குமிழின் மேலுள்ள பிடிமான வரிகளுக்காக வெட்டும் வரிப்பள்ளங்களின் பக்கச் சுவருக்கும் அதே சாய்வு வேண்டும். வெளி வட்டத்தை மட்டும் சாய்த்துவிட்டு வரிப்பள்ளங்களை நேர்க்குத்தாக விடுகிறவர்கள் அதிகம்.

சாய்த்தால் முகப்பின் விட்டம் 1 மி.மீ. குறையுமே என்று கேட்பார்கள். பழைய பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) குமிழை முகப்பிலும் அடியிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அதைச் செய்தவர்களும் மோல்டிலிருந்து எடுத்தவர்கள்தானே. சாய்வு அதிலேயே இருக்கும்.

குழிக்குள் ஏதாவது மேடாக நிற்க வேண்டியிருந்தால் அதற்கும் சாய்வு உண்டு: அடி பருத்து, நுனி சிறுத்து. தண்டுத் துளைக்கு மட்டும் சாய்வு ஆகாது. அதை மோல்டில் வெட்டவே வேண்டாம். தண்டின் அளவுக்கு ஒரு டிரில் பிட்டை எடுத்து, அதன் வழவழப்பான பின்பகுதிக்கு மெழுகு தடவி, மேலே ஒரு பட்டையிலிருந்து நட்ட நடுவில் தொங்கவிடுங்கள். ரெசின் இறுகியதும் முறுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும்.

கடைசியாக உப்புத்தாள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். குமிழ் எந்தத் திசையில் வெளியே வருமோ அந்தத் திசையில், மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொன்றும் இன்னொரு கொக்கி.

உள்மூலையில் கூர்மை எதிர்பார்ப்பது

2 மி.மீ. கட்டர் 1 மி.மீ. ஆரத்துக்குக் கீழே எந்த உள்மூலையையும் வெட்டாது. அந்த வளைவோடு வரையுங்கள்.

கட்டரின் வெட்டும் நீளத்தைப் பார்க்காதது

14 மி.மீ. குழிக்கு 12 மி.மீ. வெட்டும் கட்டர் போட்டால் தடித்த காம்பு சுவரில் உரசி அக்ரிலிக் உருகும்.

இரண்டு பாதியைத் தனித்தனியாக வெட்டுவது

குமிழுக்கு ஒரே குழி போதும். கைப்பிடி, நெம்புகோல் போன்றவற்றுக்கு இரண்டு பாதி வேண்டும். ஒன்றை இன்றைக்கும் மற்றதை நாளைக்கும் வெட்டினால் ஜீரோ எங்கேயாவது கால் மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், சேர்க்கிற இடத்தில் படி விழும். ஒரே பலகையில், ஒரே ஜீரோவில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டுங்கள். இரண்டு பாதியும் நகராமல் சேர்க்கும் பொருத்து ஊசிகளின் துளைகளையும் அப்போதே போட்டுவிடுங்கள். இரண்டாம் பாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பொருளுக்குத் திருப்ப மறந்தாலும் தெரியாது, மற்றவற்றில் ஊற்றிய பிறகுதான் தெரியும். ஊசிகளில் ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்போது மாற்றிப் போட்டு மூட முடியாது.

எம்டிஎஃப் பலகையில் நேராக ஊற்றுவது

பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. எம்டிஎஃப் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை; அதில் இருக்கும் ஈரம் பட்டால் ரெசின் நுரைக்கும். வார்னிஷ் இரண்டு கோட்டாவது அடித்து நன்றாகக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் ரெசின் டின்னைத் திறந்து வைக்காதீர்கள்.

களிமண் வைத்துப் பார்க்காதது

ரெசினைக் கலக்கும் முன், பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணைக் குழிக்குள் அழுத்தி, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். களிமண் எங்கே கிழிகிறதோ அங்கே ரெசின் மாட்டும். அந்த மாணவர் 2 டிகிரி வைத்து வெட்டிய இரண்டாவது மோல்டில் களிமண் முழுசாக வந்தது, ஒரே ஒரு வரிப்பள்ளத்தில் மட்டும் ஓரம் பிய்ந்தது. உற்றுப் பார்த்தால் அக்ரிலிக் பிசிறு ஒன்று, மயிரிழை அளவு. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு அன்று சாயங்காலமே ஊற்றினோம். மறுநாள் கட்டியைக் கவிழ்த்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார், குமிழ் உள்ளங்கையில் விழுந்தது.