நான்கு வீட்டுக் கட்டடம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

விற்பவர் தரும் வாடகைப் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். எல்லா வீடும் 12 மாதமும் நிரம்பியிருக்கும் என்று வைத்துப் போட்ட தொகை அது. ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். முதலில் அதைக் கழியுங்கள்.

அப்புறம் சொத்து வரி, காப்பீடு, படிக்கட்டு விளக்குக்கான மின்கட்டணம், சின்னச் சின்னப் பழுதுகள். பலரும் விட்டுவிடுவது பெரிய செலவுகளைத்தான்: கூரை, தண்ணீர் மோட்டார், கழிவுநீர்க் குழாய். இவை மாதாமாதம் வராது, ஆனால் வரும்போது ஒரு வருட லாபத்தையே விழுங்கிவிடும். கூரைக்கு இன்னும் 10 ஆண்டு ஆயுள் என்றால், மாற்றும் செலவை 120-ஆல் வகுத்து மாதச் செலவிலேயே சேருங்கள். இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

மிஞ்சுவதில் கடன் தவணையைக் கழித்தால் கையில் நிற்கும் பணம் தெரியும். தவணைக்கு முந்தைய தொகை தவணையைப் போல 1.25 மடங்காவது இருக்கட்டும். கடன் தருபவர்கள் பலர் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான். சரி, ஒரு வீடு ஆறு மாதம் பூட்டியே கிடந்தால்? அந்தக் கணக்கையும் போடுங்கள். அப்போதும் சம்பளப் பணத்தில் கை வைக்காமல் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள்.