மேட் பெயிண்ட் அடிக்கும் முன்: வண்டியை யார் கழுவப் போகிறார்கள்?

கார்களுக்கு பெயிண்ட் அடிப்பது என் தொழில். பளபளக்காமல் மங்கலாகத் தெரியும் மேட் பெயிண்ட் வேண்டும் என்று வருபவர்களிடம் நிறத்தைப் பற்றிப் பேசும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவேன்: "வண்டியை யார் கழுவுவாங்க?" நீங்களே கழுவுவீர்கள், அல்லது சொன்னபடி செய்கிற ஒருவர் கழுவுவார் என்றால் மேற்கொண்டு பேசலாம். பிரஷ் சுழலும் தானியங்கி வாஷில் விடுவதுதான் வழக்கம் என்றால், பளபளப்பான பெயிண்டே உங்களுக்குச் சரி.

நிறம் தரும் அடுக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். அதன் மேலே அடிக்கிற நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. மேட் கிளியரில் சிலிகா போன்ற நுண்துகள்கள் கலந்திருக்கும். காய்ந்ததும் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிற்கும். அதில் படும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிப் போகும். அந்த மங்கலான அழகு அப்படி வருவதுதான். பளபளப்பான கிளியரில் லேசான கீறல் விழுந்தால் மேலாகத் தேய்த்து பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மேட் பெயிண்டைத் தேய்த்தால் அந்த நுண்மேடுகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் மினுங்கும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பழையபடி மங்கலாக்க முடியாது. கதவில் விரல் நீளத்துக்குக் கீறல் என்றாலும் கதவு முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டும் ஆசை போகவில்லை என்றால், முழு மேட் பெயிண்டைவிட, மேட்டுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்ட சாட்டின் பெயிண்டைப் பாருங்கள் என்பேன். வண்டியின் வளைவுகள் அதில் எடுப்பாகத் தெரியும், கை வைத்த தடமும் அவ்வளவாகத் தெரியாது. நிறத்தில் சாம்பலும் வெள்ளியும் நிறைய மறைக்கும். கறுப்பு மேட் நிற்கும்போது கம்பீரம்தான். ஆனால் கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொரு விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் எழுதி வைத்ததுபோல் தெரியும்.

தினமும் வெயிலில், மரத்தடியில் நிற்கிற வண்டிக்கு நான் பெயிண்டைச் சொல்வதில்லை. பளபளப்பான பெயிண்டின் மேல் மேட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்வேன். நல்ல ஃபிலிமில் மெல்லிய கீறல்கள் சூடு பட்டதும் தானாக மறையும், ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். அலுத்துவிட்டால் உரித்துவிடலாம், உள்ளே பழைய பெயிண்ட் பத்திரமாக இருக்கும்.

பெயிண்டேதான் என்று முடிவெடுத்தால், அடிக்கிறவரிடம் முதலில் ஒரு மாதிரித் தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மங்கலாக்கும் துகள் டின்னின் அடியில் படிந்துவிடும். நன்றாகக் கலக்காமல் ஊற்றினால் ஒரு கதவு மங்கலாகவும் அடுத்த கதவு மினுக்கமாகவும் வரும். கிளியர் ஓரிடத்தில் கனமாக விழுந்தாலும் அங்கே மினுக்கம் கூடும். சாதாரண கிளியரில் ஒட்டிக்கொண்ட தூசியைத் தேய்த்து எடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை, மேட் பெயிண்டில் அதற்கு இடமே இல்லை. ஆகவே பெயிண்ட் அடிக்கும் அறையான பூத் சுத்தமாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் குனிந்து, பானெட்டின் ஓரத்திலிருந்து மேற்பரப்பை ஒட்டிப் பார்வையை ஓட்டுங்கள். பட்டை பட்டையாகத் தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கழுவும்போது வண்டி நிழலில், சூடில்லாமல் இருக்க வேண்டும். முதலில் தண்ணீரை மட்டும் அடித்து மண்ணை இறக்குங்கள். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். ஷாம்பு அமிலமும் காரமும் இல்லாமல் பிஎச் நடுநிலையில் இருக்கட்டும். வாக்ஸ், பளபளப்பு என்று லேபிளில் எழுதியிருந்தால் வேண்டாம். வாக்ஸ் அந்தப் பள்ளங்களில் போய் அடைத்துக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கும். மைக்ரோஃபைபர் கையுறையை அழுத்தாமல், நேர்கோட்டில் இழுங்கள். துணியைப் பரப்பி ஒற்றியெடுங்கள், அல்லது காற்றடித்துக் காயவையுங்கள். தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புக்கறை நின்றுவிடும்.

பறவை எச்சம், பூச்சி, மரப்பிசின், கசிந்த பெட்ரோல் எதையும் நாளைக்கு என்று விடாதீர்கள். எச்சம் காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவையுங்கள், பிறகு மெல்லத் தூக்குங்கள். வராவிட்டால் திரும்ப ஊறவையுங்கள். மேட் பெயிண்டுக்கென்றே வரும் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டிருந்தால் இந்த வேலை பாதி எளிதாகும், கீறலைத் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பலர் கவனிக்காத ஒன்று, டயருக்குப் பூசும் பளபளப்பு திரவம். சக்கரம் சுழன்றதும் அது ஃபெண்டரில் தெறித்து எண்ணெய்ப் புள்ளிகளாகும். மேட் வண்டிக்கு அதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலேயே "வாட்டர் வாஷும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிறு கீறலுக்கும் முழு பேனல் அடிக்க ஒப்புக்கொள்வார்களா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அடித்த கிளியரின் பெயர், மினுக்க அளவு, கிளியரை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த விகிதம் மூன்றையும் பெயிண்டரிடம் எழுதி வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைத்திருங்கள். பின்னால் ஒரு கதவை மட்டும் அடிக்க வேண்டி வந்தால், மற்ற பேனல்களோடு ஒத்துப்போக அதுதான் கைகொடுக்கும்.