தமிழ் எழுத்தில் டாட்டூ போடப் போகிறீர்களா? டிசைனை இப்படிப் பாருங்கள்

அம்மா பெயர், குழந்தை பெயர், ஒரு குறள் அடி என்று கையில் தமிழில் எழுதிக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். அதனால்தான் சுழியெல்லாம் அடைத்துப்போய், புள்ளி காணாமல் போய், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிந்து கிடக்கிற டாட்டூவைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. குறை பெரும்பாலும் டிசைனிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பழகிய அளவையும் ஃபான்ட்டையும் அப்படியே தமிழுக்கும் வைத்துவிடுகிறார்கள்.

முதலில் அளவு. இங்க் தங்குவது தோலின் மேல் அடுக்கில் இல்லை, அதற்குக் கீழே, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். போட்ட அன்றைக்குக் கோடு கூர்மையாக இருக்கும், வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் தடிக்கும், ஓரம் மங்கும். இது நல்ல ஆர்ட்டிஸ்ட் போட்டாலும் நடப்பதுதான். இப்போது ‘கண்ணன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி ண இரண்டு, ரெண்டு சுழி ன ஒன்று, இரண்டு புள்ளி. இதை மணிக்கட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்தில் எழுதினால் ண-வின் சுழிக்குள் ஒரு மில்லிமீட்டர் வெளிகூட இருக்காது, சில வருடங்களில் அது கறுப்பாக அடைத்துக்கொள்ளும், அப்புறம் எது ண எது ன என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்கிற கணக்கு இதுதான்: உங்கள் சொல்லில் மிகச் சின்ன சுழி எதுவோ அதற்குள் இருக்கும் வெளி, கோட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அதற்கு எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள், பொதுவாக ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது வேண்டியிருக்கும். அந்த இடம் மணிக்கட்டில் இல்லையென்றால் முன்கைக்குப் போங்கள், அல்லது சொல்லைச் சுருக்குங்கள். நான்கு வரிக் கவிதையை விலா ஓரத்தில் பொடி எழுத்தில் திணிக்க வேண்டாம்.

புள்ளிக்குத் தனியாகக் கவனம் வேண்டும். கோட்டின் தடிமனைவிடச் சின்னதாக வைத்தால் மறைந்துவிடும், நடுவில் ஓட்டை வைத்து வட்டமாக வரைந்தால் அடைத்துக்கொள்ளும். கோட்டைவிடச் சற்றுப் பெரிய, முழுதும் நிரப்பிய புள்ளி, எழுத்தின் தலையை ஒட்டாமல் கொஞ்சம் மேலே தள்ளி. ஏற்கெனவே மச்சம் இருக்கிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். டாக்டருக்கு மச்சம் மச்சமாகத் தெரிய வேண்டும், உங்களுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும்.

ஃபான்ட் விஷயத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்டுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லை டைப் செய்து அனுப்பினால், அவருடைய டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பு சரியாக இல்லாதபோது ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி அடுத்த எழுத்தின் மேல் போய் உட்காரும். அவருக்கு அது தப்பு என்றே தெரியாது. அதனால் சொல்லாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், மீரா இனிமை, பவனம், காவிவனார் எல்லாம் இலவசம். கட்டமரனில் மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது எடைகள் இருக்கின்றன, நடு எடையில் தொடங்கிப் பாருங்கள். ஒரே எழுத்துக்குள் தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வரும் ஃபான்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்த மெல்லிய பகுதிதான் முதலில் மங்கும்.

என்னைக் கேட்டால் எந்த ஃபான்ட்டையும்விட வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்து அழகு. தாத்தா எழுதிய கடிதம், பாட்டியின் மளிகைக் கணக்கு நோட்டு, எது கிடைத்தாலும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் படித்தவர்கள் லை, ளை, ணை, னை-யைத் துதிக்கை மாதிரி வளைத்து எழுதுவார்கள், ணா, றா, னா-வையும் காலைத் தனியாகப் போடாமல் சேர்த்துச் சுழித்து எழுதுவார்கள். ஆர்ட்டிஸ்ட் அதைப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் கை. நடுங்கிய கோட்டையும் நேராக்க வேண்டாம், பெரிதாக்கினால் மட்டும் போதும்.

பழைய வரி எதையாவது போடுவதாக இருந்தால் இணையத்தில் சுற்றும் படத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அச்சுப் புத்தகத்தை எடுத்து ஒப்பிடுங்கள். புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் வரி ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’. இதைக் ‘கேளீர்’ என்று போட்டிருக்கும் படங்கள் ஏராளம். சொந்தக்காரர்கள் என்பது கேளுங்கள் என்று மாறிப்போவதற்கு ஒரே ஒரு வளைவுதான் காரணம்.

கீழடிக்குப் பிறகு தமிழி எழுத்தில், அதாவது பழைய கல்வெட்டுகளில் இருக்கும் தமிழ் பிராமியில், பெயர் போடும் ஆசையும் வந்திருக்கிறது. டாட்டூவுக்கு அது உண்மையில் நன்றாகவே பொருந்தும், நேர்க்கோடுகள் அதிகம், அடைக்கிற சுழி குறைவு. ‘க’ வெறும் கூட்டல் குறி போலத்தான் இருக்கும். ஆனால் ழ, ள, ற, ன நான்குக்கும் தமிழியில் தனி வடிவங்கள் உண்டு, இணையத்தில் மாற்றித் தரும் கருவி பொதுவான பிராமி எழுத்தைக் கொடுத்துவிட்டால் அவை தவறிப்போகும். கல்வெட்டு படித்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் சீக்கிரம் மங்கும். நம் மாநிறத்துக்குக் கறுப்புதான் எழுத்துக்கு நல்லது, வெள்ளையும் மஞ்சளும் சரியாகத் தெரியாது. காயம் ஆறினால் தடித்து மேடாகிற உடல்வாகு இருந்தால், முக்கியமாக நெஞ்சிலும் தோளிலும் போடும் முன் தோல் டாக்டரைப் பாருங்கள். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படைகளுக்கு முயல்கிறவர்கள் ஆள்சேர்ப்பு அறிவிப்பில் டாட்டூ விதியைத் தேடிப் படித்துவிடுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று வரையறை உண்டு, சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது.

டிசைன் முடிவானதும் நிஜ அளவில் அச்செடுத்து, வெட்டி, கையில் ஒட்டிப் பாருங்கள். உள்ளங்கையைத் திருப்பினால் முன்கைத் தோலும் சேர்ந்து திரும்பும், மேசை மேல் வைத்தபோது நேராக இருந்த வரி கையைத் தொங்கவிட்டால் சாயும். அதனால் ஊசி போடும் முன் டிசைனைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சிலை ஒட்டும்போது நின்றுகொண்டு, கையை இயல்பாக விட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியதும் அவசரப்படாதீர்கள். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் படியுங்கள், முன்னோக்கிப் படித்தால் விட்டுப்போன புள்ளியைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். டிசைனை முன்பே பார்க்காத, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் ஸ்டென்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம், ஐந்து நிமிட வேலை. எந்த ஆர்ட்டிஸ்டும் இதற்கு முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

புண் ஆறும்போது பொருக்கோடு புள்ளியும் சில நேரம் உதிர்ந்துவிடும், மெல்லிய வளைவுகள் விட்டுவிட்டுத் தெரியும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தோல் அடங்கியதும் அச்செடுத்த அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோய் டச்-அப் செய்துகொள்ளுங்கள். பல இடங்களில் முதல் டச்-அப்புக்குக் காசு வாங்க மாட்டார்கள், பணம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.