தரவுத்தளக் கருவி: திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கடைக்கோ கிளினிக்கிற்கோ சொந்தக் கணினியில் தரவுத்தளம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது திரையைத்தான். படிவம் அழகாக இருந்தால் கருவி முடிவாகிவிடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பதிவு செய்வார்கள், பத்தாண்டு கழித்துத் தரவை வெளியே எடுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

"எக்செல் போதுமே" என்பவர்கள் 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்கட்டும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அந்த வரம்பு தெரியாமல் தரவைக் கொட்டியதில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் உடனே கணக்கில் வராமல் போயின.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள நிரலான அக்சஸ் ஒருவர், இருவருக்கு நல்ல கருவி. ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் இலவசக் கருவியான எஸ்கியூலைட்டில் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம், எழுதுவது ஒருவர்தான். அதன் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்து நான்கு கணினிகளிலிருந்து திறப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அங்கே எல்லாக் கணினிகளின் பதிவுகளையும் ஒரே இடத்தில் வாங்கி எழுதும் போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர்தான் சரி. நிரல் ஓடும்போதே கோப்பை அப்படியே நகலெடுத்து பேக்கப் என்று வைத்துக்கொள்வதும் ஆபத்து. அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தளக் கருவியான ஃபாக்ஸ்புரோவின் கதை இன்னும் சுவையானது. அதன் கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004-இல். மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015-இல் முடிந்தது. அதன் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை இலவச அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆஃபிஸ் இன்றும் திறக்கிறது. ஆனால் வட்டி, தள்ளுபடிக் கணக்கெல்லாம் நிரலுக்குள் அடைபட்டிருந்தவர்கள் அவற்றை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எந்தக் கருவியானாலும் தரவை சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொன்றில் திறந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நெடுவரிசையின் வகையிலும் கவனம் வேண்டும். தொலைபேசி எண்ணை 'முழு எண்' என்று வைத்தால் 0452 என்று தொடங்கும் மதுரை எண் முன் பூஜ்யத்தை இழந்துவிடும். அது உரையாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அகரவரிசையையும் சோதியுங்கள். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்தே நிற்கிறது. எஸ்கியூலைட் அந்தக் குறியெண்களை வைத்தே அடுக்குவதால் மணி, மதி, மனோ, மலர் என்று பட்டியல் வரும். நம் வரிசைப்படி மலருக்குப் பிறகே மனோ. பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்கள் சொந்த வரிசை விதியை எஸ்கியூலைட்டில் பதிவு செய்துகொள்ளலாம். அந்த வசதி இல்லாத கருவியில் வாடிக்கையாளர் பட்டியலை அச்சிடும்போதெல்லாம் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும்.